மருத்துவர் கிறீனின் தமிழ்: ஒரு மறுமதிப்பீடு

தமிழுக்குத் தொண்டாற்றிய அயல்நாட்டார் என்னும் தலைப்பு நம் பள்ளிகளுக்குப் புதியதன்று. வீரமாமுனிவர் சதுரகராதி தொகுத்ததும், கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் வகுத்ததும், போப் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்ததும் ஆறாம் படிவ மாணவர் எவரும் உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடிய செய்திகள். இவ்வரிசையின் கடைசியில், இடமிருந்தால், சமுவேல் பிஸ்க் கிறீன் என்றொரு பெயர் வரும். தமிழில் மேலை மருத்துவ நூல்களை ஆக்கிய அமெரிக்கர் என்று ஒரு வரி அவருக்கு ஒதுக்கப்படும். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும்.

அவ்வரியில் பிழையில்லை, போதாமை உண்டு. கிறீன் ஆக்கிய கலைச்சொற்களுள் நூற்பெயர்களிலேயே நாம் காண்பவை சில இன்று எவர் வாயிலும் இல்லை. அவருடைய நூல்களைக் கற்றுத் தொழில் செய்யும் மருத்துவரும் இன்று எவரும் இலர். நூலாசிரியர் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர் தோற்றவர் என்றே தீர்ப்புக் கூற வேண்டிவரும். போற்றுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்போர் எழுதுவதில்லை. அவர் தோற்றாரா, தோற்றாராயின் எதில் தோற்றார், அத்தோல்விக்கு அவருடைய தமிழ் காரணமா அன்றி வேறு காரணமா என்பதே இங்கு நான் ஆராய விரும்புவது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இக்கேள்வி எனக்கு வெறும் வரலாற்றுக் கேள்வியன்று.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். ஈராண்டு கழித்து, 1847இல், அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 25.

அவர் வந்த இடம் வெறுநிலமன்று என்பதை நாம் மறத்தலாகாது. அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டு முதலே யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்தி வந்தனர். மருத்துவர் ஜான் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரி, ஆசியாவில் அக்காலத்தில் நிலவிய உயர் கல்விக்கூடங்களுள் ஒன்று. கணிதமும் வானநூலும் தமிழிலக்கியமும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1841 முதல் உதயதாரகை என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்துகொண்டிருந்தது. மானிப்பாயில் அச்சுக்கூடம் இருந்தது. ஆகவே கற்றோரும் கற்க விரும்புவோரும் அச்சிடுவோரும் நிறைந்த ஊருக்கே கிறீன் வந்தார். அவர் 1848இல் மானிப்பாயில் குடியேறி அதனையே தம் பணிக்களமாகக் கொண்டார். இன்றும் அங்குள்ள மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமையைச் சுட்டாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டில். கிறீன் மானிப்பாய்க்குச் சென்ற அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். ஒருவர் சிலுவையைச் சுமந்து வந்தவர். மற்றவர் அச்சிலுவையை எதிர்த்துச் சைவத்தைக் காக்க எழுந்தவர். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் இருவரும் ஒரே காலத்தில், ஒரு சில கல் தொலைவில், ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தனர். செய்யுளையே அறிவின் ஊர்தியாகக் கொண்டிருந்த மொழியை வகுப்பறையில் பயன்படும் உரைநடைக்குக் கொண்டுவந்ததே அவ்வேலை. நாவலரின் பாலபாடங்களையும் கிறீனின் மருத்துவ நூல்களையும் ஒருங்கு வைத்து எவரேனும் நடையாராய்ச்சி செய்வாராயின், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வரலாற்றில் நாம் காணாத ஒரு பக்கம் புலப்படும். நம் பல்கலைக்கழக மாணவர்க்கு இதனைவிட நல்ல ஆய்வுத்தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

கிறீன் தொடக்கத்தில் மருத்துவம் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். அவர்தம் மாணவர்கள் செமினரியின் வழிவந்தவர்கள். அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களான டன்போர்த், எவார்ட்ஸ், சப்மன் முதலியவற்றைத் தாங்கிய தமிழ் இளைஞர்கள். ஆயினும் ஆங்கிலத்தில் கற்பித்த அக்காலத்திலேயே தமிழ்நூலாக்கமும் தொடங்கிவிட்டது. அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கிய கட்டரின் நூலைத் தழுவி 1852இல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் வெளிவந்தது. மோன்செலின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. பத்தாண்டு உழைப்புக்குப்பின் தாயகம் சென்ற கிறீன் 1862இல் மணம் புரிந்து அவ்வாண்டே மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இரண்டாம் முறை வந்தபின்னரே அவர் துணிந்து ஒன்று செய்தார். மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். 1873இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பும்வரை அம்முறையே நின்றது. அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் 60க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றோர்.

ஏன் மாற்றினார்? இக்கேள்விக்கு நம் மேடைகளில் கூறப்படும் விடை, தமிழ்மீது கொண்ட காதல் என்பது. இவ்விடை இனிமையானது, ஆனால் நான் இதனை முழுதும் ஏற்கவில்லை. மிஷனின் தலைமையிடத்துச் செயலர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்து பார்த்தபோது, ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்திற்குத் துணைசெய்யவில்லை என்று கருதினார். ஊர்மொழிக் கல்வியை வற்புறுத்தினார். வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. எனவே தாய்மொழிக் கல்வி என்பது மேலிடத்தின் கொள்கையாகவும் இருந்தது. அக்கொள்கைக்குச் சமயப் பரப்பே அடிப்படை. கிறீனும் முதலில் சமயப் பணியாளர். இதனை மறைத்து அவரைத் தமிழ்க்காதலர் என்று மட்டும் காட்டுவது அவருக்கும் உண்மையன்று, நமக்கும் நேர்மையன்று.

ஆனால் கொள்கை வேறு, அதனைக் கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது வேறு. ஊர்மொழிக் கல்வி என்று மிஷனார் கூறியபோது அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் உபதேசியாரும். உடற்கூறும் அறுவை மருத்துவமும் வேதிப்பொருளியலும் தமிழில் இயலும் என்று காட்டியது கிறீனின் சொந்தத் துணிவு. அத்துணிவுக்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருந்தது. ஆங்கிலத்தில் கற்ற மருத்துவன் அரசாங்க வேலைக்கும் அயலூருக்கும் போய்விடுவான். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தன் மக்களிடையே தங்குவான் என்பதே அக்கணக்கு. தம் மாணவர் வேட்டியும் சால்வையும் அணிந்த தமிழராகவே இருக்கவேண்டும், கால்சட்டையும் மேற்சட்டையும் போட்டுத் தம் மக்களிடமிருந்து விலகிவிடலாகாது என்றும் அவர் விரும்பினார். வாந்திபேதியும் வைசூரியும் ஊர்களைச் சூறையாடிய காலம் அது. அவருக்கு வேண்டியிருந்தது பட்டம் பெற்ற கனவான் அன்று; நள்ளிரவில் பனையோலை வேலியைத் திறந்துகொண்டு வந்து நிற்கும் வைத்தியன். அந்த வைத்தியனை ஆக்குவதற்குத் தமிழே ஏற்ற கருவி என்று அவர் கண்டார். மொழிக்காதலைவிட இது வலிமையான காரணம் என்பது என் கருத்து. காதல் தணியலாம், தேவை தணியாது.

இனி அவருடைய சொற்களைப் பார்ப்போம். கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் கடைப்பிடித்த முறை வருமாறு: முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல், கிடையாதவிடத்து வடமொழியை நாடுதல், அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்தல். நூல்களின் பெயர்களிலேயே இம்மூன்று படிகளையும் நாம் காணலாம்.

இரணவைத்தியம் என்பது 1867இல் வெளிவந்த அறுவை மருத்துவ நூலின் பெயர். இரணம் என்னும் சொல் வடமொழிவழி வந்ததாயினும் மக்கள் வாயில் ஊறிய சொல். நம் பாட்டிமார் இன்றும் ஆறாத புண்ணை ரணம் என்றே கூறுவர். பிரசவ வைத்தியமும் அத்தகையதே. பிரசவம் என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படும் தமிழ்ப்பெண் இல்லை. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றுக்கு அவர் கொண்ட பெயர். பாதாதிகேசமும் கேசாதிபாதமும் படித்த மாணவர்க்கு இச்சொல்லின் அமைப்பு உடனே விளங்கும். உறுப்புகளை வரிசைப்படி எடுத்துரைக்கும் நம் இலக்கிய மரபின் சாயல் அதில் இருக்கிறது. இது கிறீன் புதிதாகப் படைத்த சொல்லுமன்று. நாட்டு மருத்துவ வழக்கில் ஏற்கெனவே இருந்தது. செகராசசேகரமும் பரராசசேகரமும் தந்த யாழ்ப்பாணத்தில், மருத்துவத்திற்குச் சொல் இல்லை என்று எவரும் கூற முடியாது அல்லவா?

சுகரணம் என்னும்போது நாம் வேறோர் இடத்திற்கு வந்துவிடுகிறோம். உடலுறுப்புகளின் இயக்கத்தைக் கூறும் துறைக்கு இப்பெயர். கரணம் கருவியும் செயலும் ஆகும். 'சு' நன்மை சுட்டும் முன்னொட்டு. உறுப்புகள் நன்கு செயற்படும் நிலை என்று விரித்துக்கொள்ளலாம். கருத்தில் குறையில்லை. ஆனால் கற்றறிந்தவர் விரித்துச் சொன்னால்தான் விளங்கும். நலம் பேணும் துறைக்குக் கொண்ட உற்பாலனமும் இவ்வகையினதே. மூன்றாம் படியில் நிற்பது கெமிஸ்தம். 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் இது. இதனைக் கண்டு நகைப்போர் உளர். நானும் முதன்முறை கண்டபோது நகைத்தவனே. பின்னர் எண்ணிப் பார்த்தபோது அதில் ஓர் இலக்கண நுட்பம் இருப்பது தெரிந்தது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து எழுதாமல் அதற்கு 'அம்' ஈறு கொடுத்திருக்கிறார். ஈறு பெற்ற உடனே அது மரம், குளம் போல வேற்றுமை ஏற்கிறது. கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில், கெமிஸ்தத்தின் என்று தமிழ் வாக்கியத்தில் தடையின்றி நடக்கிறது. வடசொல்லைத் தமிழில் எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைக்கவேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. கிறீன் அந்நெறியை முழுதும் கைக்கொள்ளவில்லை. 'ஸ்' என்னும் கிரந்த எழுத்து உள்ளே நிற்கிறது. எனினும் அயற்சொல்லைத் தமிழ்ச்சொல்போல் நடக்கச் செய்யும் நோக்கம் அதில் தெளிவு. இன்று 'கெமிஸ்ட்ரி பாடத்தில்' என்று தயங்காமல் எழுதும் நாம் கெமிஸ்தத்தைக் கண்டு நகைப்பது பொருந்துமா என்று தெரியவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் கிறீன்மீது வைக்கும் குற்றச்சாட்டு எளியது: வடமொழி மிகுதி, அதனாலேயே அவர் சொற்கள் நிலைக்கவில்லை என்பது. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கத்தின் பயனை நாள்தோறும் நுகரும் நான் அவ்வியக்கத்தைக் குறைகூற மாட்டேன். உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்னும் சொற்கள் தம் பொருளைத் தாமே கூறும் அழகுடையவை. சுகரணத்தைவிட உடலியங்கியல் சிறந்த சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வடமொழிச் சொல் ஆனதால் மாண்டது என்ற வாதம் நிற்காது. சுகாதாரம், விஞ்ஞானம், இரசாயனம், பூகோளம் ஆகியவை வடசொற்களாக இருந்தும் பல தலைமுறைகள் வாழ்ந்தன; சில இன்றும் வாழ்கின்றன. அவை வாழ்ந்தது வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் அவற்றைச் சொன்னதால். சுகரணம் மாண்டது அச்சொல்லைச் சொல்லும் வகுப்பறை மூடப்பட்டதால்.

காலவரிசையை நோக்கினால் இது விளங்கும். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி 1870இல் தொடங்கப்பட்டது, பயிற்றுமொழி ஆங்கிலம். அரசாங்க மருத்துவத் துறையின் மொழியும் அதுவே. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். அதனைத் தழுவிய தமிழ்நூலாகிய மனுஷ அங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டு இடைவெளி! உலக மருத்துவக் கல்வியின் தலையாய நூல் ஒன்று பதினான்கு ஆண்டுகளில் தமிழுக்கு வந்தது என்பதை நாம் எத்தனை முறை வகுப்பில் கூறியிருக்கிறோம்? அதே 1872இல் பெரிய மருத்துவ நூலாகிய வைத்தியாகரமும் வெளிவந்தது. ஆனால் அதே 1872ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணக் கல்லூரியும் தொடங்கிற்று. செமினரி மூடப்பட்டதனால் இழந்த ஆங்கில உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்று அவ்வூர்க் கிறித்தவர்களே முயன்று பெற்ற கல்லூரி அது.

இதுவே நான் நெடுநாள் சிந்தித்த இடம். அயல்நாட்டார் ஒருவர் 'உங்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார். ஊரார் 'உங்கள் மொழியைக் கொடுங்கள்' என்கின்றனர். ஊராரைக் குற்றம் கூற நமக்கு உரிமை உண்டா? நிலம் சிறுத்த, மழை குறைந்த தீவகற்பத்தில் பிறந்த இளைஞனுக்கு ஆங்கிலம் சோறு. ஊரிலேயே தங்கு என்று அவனுக்கு அறிவுரை கூறியவர், தாம் கடல் கடந்து வந்தவர். கிறீனின் கணக்கில் நான் காணும் குறை இது. சேவைக்குரிய மக்களின் தேவையை அவர் சரியாகக் கண்டார். சேவை செய்யவேண்டிய இளைஞனின் ஆசையை அவ்வளவு சரியாகக் காணவில்லை. தமிழில் கற்றவனுக்குத் தமிழில் ஊதியம் தரும் அமைப்பு ஒன்றில்லாமல் தமிழ்க்கல்வி நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருக்கலாம். ஆனால் அவ்வமைப்பை உண்டாக்கும் ஆற்றல் ஒரு மிஷன் மருத்துவரிடம் இல்லை.

மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழரின் வரலாறு இங்கே வந்து பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்நாட்டில் புகைவண்டிப் பாதையும் அரசாங்க அலுவலகங்களும் மருத்துவமனைகளும் விரிந்தபோது, அவற்றில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிகாரிகளாகவும் மருத்துவ உதவியாளராகவும் வந்து அமர்ந்தோரில் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றோர் மிகப் பலர். ஆங்கிலம் கற்றவன் அயலூருக்குப் போய்விடுவான் என்று கிறீன் அஞ்சினார் அல்லவா? போன இடங்களுள் ஒன்று இது. அவருடைய அச்சம் மெய்யானதால் மலாயா பயன்பெற்றது. தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தலைமுறையினர்க்கு 'டிரெசர் ஐயா' என்பவர் யார் என்று விளக்கத் தேவையில்லை. என் சிறுவயதில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்தவர். ஏட்டில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுவார்; என் தாயாரிடம் எல்லாவற்றையும் தமிழில் கேட்பார். அவருடைய தமிழ் எங்களுக்குப் புதியதாக இருந்தது, 'என்ன செய்யுது?' என்று அவர் கேட்கும்போது பாதி நோய் பறந்துவிடும் என்று தாயார் கூறுவார். நோயாளியின் மொழியும் மருத்துவ நூலின் மொழியும் இருவேறாகப் பிரிந்துவிட்ட நிலையை நான் முதலில் கண்டது அந்த ஆஸ்பத்திரித் திண்ணையில்தான். கிறீன் இணைக்க முயன்றது அவ்விரண்டையும்தான் என்பது பல்லாண்டு கழித்தே எனக்கு விளங்கிற்று.

கிறீனின் முறையில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றுவது ஒன்று உண்டு. அவர் தனியே அறையில் அமர்ந்து சொற்களை உருவாக்கி அச்சேற்றியவர் அல்லர். அவர்தம் மாணவர்களே மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றோர். சில நூல்களில் பெரும்பங்கு அவர்களுடையதே. மொழிபெயர்ப்பவர், கற்பிப்பவர், கற்பவர், கற்றதை நோயாளியிடம் பயன்படுத்துபவர் என்னும் நால்வரும் மானிப்பாயில் ஒரே முற்றத்தில் இருந்தனர். காலையில் வகுப்பில் கேட்ட சொல் மாலையில் நோயாளியின் கட்டிலருகே தேவைப்பட்டது. பிற்காலத்தில் நடந்த கலைச்சொல் முயற்சிகளில் இவ்வமைப்பு அமையவில்லை. 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் சாத்திரச் சொற்களுக்காகச் சங்கம் கண்டனர். 1938இல் சென்னையில் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. பெருமுயற்சிகளே. ஆனால் அவை சொல்லை முதலில் ஆக்கிவிட்டு வகுப்பறைக்காகக் காத்திருந்தன. கிறீனிடத்தில் வகுப்பறை இருந்தது. சொல் அதற்காகப் பிறந்தது. அவர் சொற்றொகுதிகளையும் வெளியிட்டாரேனும் அவை நூலுக்குத் துணையாகவே வந்தன. நூல் வகுப்புக்குத் துணையாக வந்தது.

இங்கு அவர்மீது இன்னொரு குறையும் கூறவேண்டும். நாட்டு மருத்துவத்தின் சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அச்சொற்களை வழிவழியாகக் காத்துவந்த பரியாரிமாரைத் தம்மோடு ஒத்த ஆசிரியராக ஏற்கும் மனநிலை அக்கால மிஷன் மருத்துவத்தில் இல்லை. அவர்களுடைய மருத்துவத்தை அகற்றி மேலை மருத்துவத்தை நாட்டுவதே அதன் நோக்கம். அவ்விரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து சொல்லாராய்ந்திருப்பின், சுகரணத்திற்குப் பதிலாக மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த வேறொரு சொல் நூலேறியிருக்கக்கூடும். இது என் ஊகமே.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தொடங்கியபோது நான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியன். முதலாம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலேறிற்று. தமிழ் அறிவியல் நூல்களைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அத்திட்டத்தைக் கைவிடுவதென 2009இல் முடிவாகி, அது படிப்படியாக விலக்கப்பட்டபின் மீண்டும் தமிழில் கற்பிக்க நின்றேன். பசுந்தாவரம் உணவு தயாரிக்கும் முறையைக் கரும்பலகையில் எழுதத் திரும்பினேன். சுண்ணக்கட்டி கையில் இருக்கிறது, சொல் வரவில்லை. ஆங்கிலச் சொல்தான் நாவில் நின்றது. பல்லாண்டு நானே கற்பித்த 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல், மாணவர் நாற்பதுபேர் பார்த்திருக்க, சில நொடிகள் என்னிடம் இல்லை. வேரும் தண்டும் இலையும் மறக்கவில்லை. அவை வீட்டுச் சொற்கள். வகுப்பறையில் மட்டும் வாழும் சொல் வகுப்பறை மூடியதும் ஆசிரியனிடமிருந்தே முதலில் விலகுகிறது என்பதை அன்று கண்டேன். ஒளிச்சேர்க்கை தூய தமிழ்ச்சொல், பொருள் விளங்கும் சொல், ஓசையும் இனிது. அத்தனை சிறப்பும் ஒரு சில ஆண்டுகளில் அதனைக் காக்கவில்லை. சுகரணத்தின் வடமொழியைக் குறைகூறும் நண்பர்களோடு நான் உடன்படாமைக்கு இந்நிகழ்ச்சியே முதற்காரணம்.

2016 முதல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அக்கேள்வி மீண்டும் நம் பள்ளிகளின் வாயிலுக்கு வந்தது. பெற்றோருள் ஒரு சாரார் ஆங்கிலம் வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார் தமிழ்ப்பள்ளியின் உயிர்நிலை போய்விடும் என்கின்றனர். கூட்டங்களில் இரு சாராரும் பேசக் கேட்டிருக்கிறேன். 1872இல் யாழ்ப்பாணத்தில் நிலவிய இரு குரல்களே அவை. சிங்கப்பூர்த் தமிழாசிரியர்க்கு இச்சிக்கல் வேறு வடிவில் உண்டு. அங்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கிறது, அறிவியல் சொல்லைப் பயன்படுத்த வேறு பாடவேளையே இல்லை. இக்கூட்டங்களில் கலைச்சொல்லின் தூய்மைபற்றி நீண்டநேரம் வாதிடுகிறோம். தமிழில் அறிவியல் படித்த மாணவன் அதனை இடைநிலைப்பள்ளியில், கடையில், மருத்துவமனையில், எங்கே, யாரிடம் பேசுவான் என்று கேட்போர் குறைவு. கிறீன் கேட்டது இக்கேள்வியை. அவருக்குக் கிடைத்த விடை மானிப்பாயைச் சுற்றியுள்ள ஊர்கள். அவ்விடை ஒரு தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது.

ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி, மறதியில் புதைந்திருந்த அப்பெயரைத் தமிழுலகின் முன் மீண்டும் நிறுத்தினார். நான் கிறீனை அறிந்ததும் அந்நூல்வழியே. கிறீனின் கடிதங்களும் வாழ்க்கைக் குறிப்பும் அவர் மறைந்தபின், 1891இல், கட்லர் என்னும் பாதிரியாரால் தொகுக்கப்பட்டு அமெரிக்காவில் வெளிவந்தன. இவ்விரண்டையும் நம் பள்ளி நூலகங்களில் தேடிக் காண இயலவில்லை. இணையத்தில் கிறீனின் மூலநூல்கள் சிலவற்றின் பக்கங்களைக் காணலாம் என்பது இக்கால மாணவர்க்குள்ள பேறு.

நாடு திரும்பியபின்னும் கிறீன் ஓய்ந்திருக்கவில்லை. ஊஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கடல்வழி அனுப்பினார். அவருடைய அண்ணன் அண்ட்ரூ கிறீன் அப்போது நியூயார்க்கின் பெரும்புள்ளி. அந்நகரத்து நடுப்பூங்காவின் ஆக்கத்தில் முன்னின்றவர். பிற்காலத்தில் நியூயார்க் பெருநகரின் தந்தை என்று பெயர் பெற்றவர். தம்பி ஊஸ்டரில் தமிழ் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி சரிபார்த்துக்கொண்டிருந்தார். டால்டனின் உடலியக்க நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. தமிழில் மருத்துவம் கற்பித்த வகுப்பைவிட்டு அவர் நீங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் ஆகியிருந்தன என்பர்.

அடுத்த ஆண்டு, 1884 மே மாதத்தில், அவர் காலமானார். தம் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கூறி வைத்திருந்தார். மருத்துவர் என்றும் நற்செய்தியாளர் என்றும் தம்மைக் குறித்துக்கொண்ட அவர், அதனோடு 'தமிழருக்கு' என்னும் சொல்லையும் சேர்க்கச் சொன்னார். ஊஸ்டர் நகரத்து இடுகாட்டில் அக்கல் இருக்கிறது.